காலத்தை முந்திய கணிதப் புலவர் சார்லஸ் பாபேஜ்

காலமென்னும் ஆற்றில் எதிரேறிச் சென்று முன்னோர் வாழ்வைக் காணவும், அதன் போக்கிலேயே விரைந்து சென்று பின்வருவோர் வாழ்வைக் காணவும் வல்லதோர் ஊர்தி கிடைக்குமாயின் எங்குச் செல்லலாம் என்று எண்ணுவது கதாசிரியர்க்கு இனியதோர் விளையாட்டு. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1895-ஆம் ஆண்டில் கால யந்திரத்தைப் பற்றிய தமது நாவலை வெளியிட்ட பின்னர் இவ்விளையாட்டில் ஈடுபட்டோர் பலராவர். அவருட் சிலர், சரித்திரம் ஓரிடத்தில் வேறுவழி திரும்பியிருப்பின் உலகம் எவ்வாறு இருந்திருக்கும் என்றும் கதை புனைவர். கணிப்பொறி என்னும் ஒன்று தோன்றவே தோன்றாத உலகத்தை நாமும் கற்பித்துக்கொண்டு அங்கே ஒரு யாத்திரை செய்வோமாயின் யாது காண்போம்? அரசாங்கக் கணக்கு முதல் வான சாஸ்திரக் கணக்கு வரை அனைத்தையும் மனிதர் வரிசையாக அமர்ந்து பேனாவினால் எழுதிக் கூட்டிக்கொண்டிருப்பர். ஒருவர் கூட்டியதை மற்றொருவர் சரிபார்ப்பர். இருவரும் தவறிய இடத்தில் மாலுமி ஒருவன் வழி தப்புவான்.

இத்தகைய உலகத்தைக் காண்பதற்குக் கற்பனை ஊர்தி வேண்டுவதில்லை. 200 ஆண்டுகளுக்கு முந்திய லண்டன் மாநகரமே அவ்வுலகம். அதிற் பிறந்து, 79 ஆண்டுகள் வாழ்ந்து, அங்கில்லாத ஒரு பொருளை நாள்தோறும் மனக்கண்ணாற் கண்டு, அதனைச் செய்து முடிக்க இயலாமலே மறைந்த ஒருவரின் சரித்திரத்தை இங்குச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் சார்லஸ் பாபேஜ்.

இளமை

பாபேஜ் 1791-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி லண்டனிற் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பாபேஜ் வங்கித் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டியவர். பிள்ளைப் பருவத்தில் உடல் நலிவுற்றிருந்தமையால், சிறுவனை மிகுதியாகப் படிக்கவிட வேண்டாமென்று பெற்றோர் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டனர். ஆயினும், எதனையும் சோதித்தறிந்தாலன்றி ஏற்கா இயல்பு அவரிடத்து இளமையிலேயே காணப்பட்டது. விளையாட்டுப் பொருள் கிடைத்தால் உள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்பதும், விடை திருப்தி தராவிடின் அதனைப் பிரித்துப் பார்ப்பதும் அவர் வழக்கம். சாத்தான் உண்டோ இல்லையோ என்பதையும் சோதிக்கக் கருதி, ஒருநாள் மாடியறை ஒன்றில் தம் விரலிலிருந்து எடுத்த இரத்தத்தால் வட்டம் வரைந்து, அதனுள் நின்று கர்த்தரின் ஜெபத்தைத் தலைகீழாக ஓதிப் பார்த்தனராம். சாத்தான் வரவில்லை. சிறுவருக்கு அச்சம் மட்டும் மிஞ்சிற்று. இதனைத் தம் முதுமையில் எழுதிய நூலில் அவரே நகைச்சுவையுடன் கூறியுள்ளார்.

மற்றொரு நிகழ்ச்சி அவருடைய பிற்கால வாழ்வுடன் தொடர்புடையது. தாயார் ஒருமுறை மெர்லின் என்பவருடைய யந்திரப் பொருட்காட்சிக்கு அவரை அழைத்துச் சென்றார். அங்கே வெள்ளியாற் செய்த நடனப் பாவை ஒன்று கையிற் பறவையை ஏந்தி ஆடிற்று. உட்சக்கரங்களால் உயிருள்ளதுபோல் அசையும் அப்பாவை சிறுவரின் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. பல்லாண்டு கழித்து அஃது ஏலத்திற்கு வந்தபொழுது அதனை விலைக்கு வாங்கித் தம் வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொண்டனர்.

என்பீல்டு என்னுமிடத்துப் பள்ளியிற் பயின்றபொழுது, தோழர் ஒருவருடன் விடியற்காலை 3 மணிக்கே எழுந்து இரகசியமாகக் கணிதம் படித்தார். 1810-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிடி கல்லூரியைச் சேர்ந்தபொழுது, ஆசிரியர்களைக் காட்டிலும் தாம் அதிகம் படித்திருப்பதை உணர்ந்து ஏமாற்றமடைந்தார்.

கேம்பிரிட்ஜில்

அக்காலத்து இங்கிலாந்தில் நியூட்டன்பாற் கொண்ட பக்தி மிகுதியால், அவர் வகுத்த குறியீடுகளையன்றிப் பிறவற்றைக் கையாளுவது இழுக்கெனக் கருதப்பட்டது. ஐரோப்பாக் கண்டத்தாரோ லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானியர் வகுத்த எளிய குறியீடுகளைக் கொண்டு கணிதத்தில் நெடுந்தூரம் முன்னேறிவிட்டனர். இக்குறையை நீக்கக் கருதிய பாபேஜ், ஜான் ஹெர்ஷெல், ஜார்ஜ் பீகாக் ஆகிய மாணவ நண்பர்களுடன் கூடி 1812-இல் ஒரு சங்கம் நிறுவினார். பட்டம் பெறாத இளைஞர் சிலர் கூடித் தங்கள் சர்வகலாசாலையின் கணிதப் போதனையையே மாற்ற முனைந்தது அன்று பலருக்கு நகைப்பாகத் தோன்றியது. எனினும், அவர்கள் பிரெஞ்சு நூலொன்றை மொழிபெயர்த்து 1816-இல் வெளியிட்டனர். சில ஆண்டுகளில் அவர்கள் விரும்பிய குறியீடே கேம்பிரிட்ஜிலும் நிலைத்தது.

1814-இல் பட்டம் பெற்ற பாபேஜ் அவ்வாண்டிலேயே ஜார்ஜியானா விட்மோர் என்னும் நங்கையை மணந்தார். 1816-இல் ராயல் சொஸைடியின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1820-இல் வான சாஸ்திர சங்கத்தை நிறுவியவருள் ஒருவரானார். இங்ஙனம் முப்பது வயதிற்குள்ளாகவே அறிஞர் நன்கு மதிக்கும் நிலையை எய்தினார்.

பிழை மலிந்த அட்டவணைகள்

கணிப்பொறி இல்லாத உலகில் கணக்கிடுவோர்க்கு உற்ற துணை அட்டவணைப் புத்தகமே. லாகரிதம், சைன், சந்திரன் நிற்கும் இடம், கடல் வழி, ஆயுள் காப்புத் தொகை முதலியவற்றுக்கெல்லாம் முன்னரே கணித்து வைத்த எண்கள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. இவ்வெண்களைக் கணித்தவர் மனிதர். அக்காலத்து ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்னும் சொல் பொறியைக் குறித்ததன்று. கூலிக்குக் கணக்கிடும் மனிதனையே குறித்தது.

பிரெஞ்சு தேசத்தில் டி பிரோனி என்பவர் இவ்வேலையைத் தொழிற்சாலை முறையில் நடத்தினார். பெருங்கணிதர் சிலர் சூத்திரங்களை வகுத்தனர்; நடுத்தர அறிவினர் சிலர் அவற்றை எண்களாக்கினர்; கூட்டவும் கழிக்கவும் மட்டுமே அறிந்த எளியோர் பலர் எஞ்சியவற்றைச் செய்தனர். புரட்சிக்குப் பின் பிரபுக்களின் சிகையலங்காரம் மறைந்தமையால் தொழிலிழந்த நாவிதர் பலர் இக்கூட்டத்தில் இருந்தனர் என்பர். 1819-இல் பாரிஸ் நகரம் சென்ற பாபேஜ் இம்முறையை அறிந்து வியந்தார். கூட்டவும் கழிக்கவும் மட்டுமே தெரிந்தவர் செய்யக்கூடிய வேலையைச் சக்கரங்கள் செய்யலாகாவோ என்னும் வினா இவ்வேலைப் பிரிவிலேயே அடங்கியிருந்ததன்றோ?

1821-இல் ஒருநாள் அவரும் ஹெர்ஷெலும் வான சாஸ்திர அட்டவணைகளை ஒப்புநோக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தனர். தவறு மேல் தவறாக வெளிவரவே சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளெல்லாம் நீராவியினாற் செய்யப்படலாகாதா என்று வாய்விட்டுரைத்தார். அந்நாள் தொட்டு அவ்வெண்ணம் அவரை விடவேயில்லை. அச்சேறிய அட்டவணைகளின் நிலையை லார்ட்னர் என்பவர் 1834-இல் எழுதிய கட்டுரையால் அறியலாம். 40 தொகுதிகளை அவர் ஆராய்ந்தபொழுது 3,700-க்குக் குறையாத பிழைதிருத்தங்கள் காணப்பட்டன. திருத்தத்திலே பிழை, அதன் திருத்தத்திலும் பிழை என்று தொடர்ந்த இடங்களும் இருந்தன.

வித்தியாச யந்திரம்

பாபேஜ் கண்ட வழி எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9 ஆகும். இவ்வித்தியாசங்களின் வித்தியாசமோ எங்கும் 2 ஆகவே நிற்கும். ஆகவே, அடுத்த வர்க்கத்தைக் காணப் பெருக்க வேண்டுவதில்லை. 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. 25-உடன் 11-ஐக் கூட்டினால் 36. அட்டவணைகளுள் பெரும்பாலானவற்றை இங்ஙனம் கூட்டல் ஒன்றினாலேயே ஆக்கலாம். கூட்டுதல் பற்சக்கரங்களுக்கு இயலும். வந்த விடையை அந்த யந்திரமே அச்சுக்குரிய தகட்டிற் பதித்துவிடின், எழுதுவோன் பிழையும் அச்சுக் கோப்போன் பிழையும் ஒருங்கே ஒழியும்.

1822-இல் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். வான சாஸ்திர சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. அரசாங்கத்தார் 1823-இல் 1,500 பவுன் வழங்கினர். ஜோசப் கிளெமென்ட் என்னும் தேர்ந்த தொழிலாளர் பணியை மேற்கொண்டார். யந்திரத்திற்கு வேண்டிய உறுப்புகள் ஏறக்குறைய 25,000. ஒன்றுபோலவே பல உறுப்புகளை நுணுக்கமாகச் செய்யும் கருவிகள் அன்று இல்லாமையால், யந்திரத்தைச் செய்வதற்கு முன் அதனைச் செய்யும் யந்திரங்களைச் செய்ய வேண்டியதாயிற்று. இதனாற் காலமும் பொருளும் கரைந்தன. எனினும் இங்கிலாந்தின் தொழிற்கலை உயர்ந்தது. திருகாணிகளின் புரிகளுக்குப் பொது அளவு வகுத்துப் புகழ்பெற்ற ஜோசப் விட்வொர்த் கிளெமென்டின் பட்டறையிற் பணிபுரிந்தவரே.

துன்ப ஆண்டு

1827-ஆம் ஆண்டு பாபேஜின் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. அவ்வாண்டில் தந்தையார் இறந்தார்; தந்தையின் பெயரையே தாங்கிய மகன் சார்லஸ் இறந்தான்; அருமை மனைவி ஜார்ஜியானா இறந்தார்; அப்பொழுது பிறந்த சிசுவும் இறந்தது. தந்தை விட்டுச் சென்ற செல்வம் 100,000 பவுன் என்பர். ஆனால் அதனைத் தம்முடன் இருந்து துய்ப்பதற்குத் துணைவியார் இல்லை. நண்பர் சொற்கேட்டு ஐரோப்பாவிற் சுற்றுப்பயணம் செய்தார். வெசூவியஸ் எரிமலையின் வாயினுள் இறங்கிப் பார்த்ததும் இப்பயணத்திலேதான். நியூட்டன் வகித்த லூகாஸியக் கணிதப் பேராசிரியர் பதவி தமக்கு அளிக்கப்பட்ட செய்தியை 1828-இல் ரோம் நகரிற் பத்திரிகை வாயிலாக அறிந்தார். அப்பதவியை 1839 வரை வகித்தும் ஒரு பிரசங்கமேனும் நிகழ்த்தினாரல்லர். துக்கத்தை ஆற்றிக்கொள்ள வேலையையன்றி வேறொன்றை அவர் அறியார். முன்னர்ப் பலரோடும் கலகலப்பாகப் பழகியவர் பின்னர்ச் சினமும் பிடிவாதமும் மிக்கவரானார் என்று அவரை அறிந்தோர் கருதினர்.

திரும்பி வந்தபின், 1830-இல் இங்கிலாந்தில் விஞ்ஞானம் தாழ்வுறுவதைக் கண்டித்து எழுதிய நூல் ராயல் சொஸைடியாரைப் பகைத்துக்கொண்டது. 1832-இல் வெளிவந்த தொழிற்சாலைப் பொருளாதார நூலோ பெரும்புகழ் பெற்றது. 1832-இலும் 1834-இலும் பார்லிமெண்டுத் தேர்தலில் நின்று தோற்றார்.

அற்புதமும் விதியும்

1832-இல் கிளெமென்ட் வித்தியாச யந்திரத்தின் ஏழிலொரு பகுதியைப் பொருத்திக் கொடுத்தார். அது குறைவின்றி இயங்கியது. டார்ஸெட் தெருவிலிருந்த பாபேஜின் இல்லத்திற் சனிக்கிழமை தோறும் மாலை விருந்து நடக்கும். டார்வின், டிக்கன்ஸ், வெல்லிங்டன் பிரபு முதலியோர் அங்கு வருவதுண்டு. ஓர் அறையில் வெள்ளிப் பாவை ஆடும். அடுத்த அறையில் யந்திரம் நிற்கும். ஒருநாள் ஆங்கிலேய விருந்தினர் அனைவரும் பாவையைச் சூழ்ந்து நிற்க, யந்திரத்தை உற்று நோக்கி நின்றவர் அயல்நாட்டார் இருவரே என்பதைக் கண்டு பாபேஜ் மனம் நொந்தார்.

யந்திரத்தைக் கொண்டு அவர் ஒரு வேடிக்கை காட்டுவார். கைப்பிடியைச் சுழற்றுந்தோறும் எண்கள் ஒரே முறையிற் பெருகி வரும். இரண்டிரண்டாக ஏறுகின்றது என்று காண்போர் துணிவர். நெடுநேரம் கழித்துத் திடீரென எண் வேறுவகையாகத் தாவும். யந்திரம் பழுதுற்றது என்று விருந்தினர் எண்ணுவர். பழுதன்று, அந்தத் தாவலும் தொடக்கத்திலேயே தாம் அமைத்து வைத்த விதியின் பகுதியே என்று பாபேஜ் விளக்குவார்.

இதனைக் கொண்டு அவர் ஒரு சமயத் தத்துவத்தை நிறுவ முயன்றார். கடவுளின் ஞானத்தைப் படைப்பின் வாயிலாக விளக்குமாறு பிரிட்ஜ்வாட்டர் பிரபு எழுதி வைத்த மரண சாசனத்தின்படி 8 நூல்கள் வெளியாயின. கணித நூலார்க்கு இப்பொருள் பற்றிப் பேசும் தகுதி குறைவு என்னும் கருத்து அவற்றுள் ஒன்றிற் காணப்பட்டது. அதற்கு விடையாக, யாரும் கேளாமலே ஒன்பதாம் நூல் ஒன்றை 1837-இல் பாபேஜ் வெளியிட்டார். அற்புதம் என்பது கடவுள் தம் விதியைத் தாமே மீறுவதன்று. மனிதர் அறியாத மேலானதொரு விதி, முன்னமே குறித்த வேளையில் வெளிப்படுவதே என்பது அவர் வாதம். யாவரும் இதனை ஏற்றனரல்லர். ஆயினும், கணக்கிடும் சக்கரங்களிடையே நின்று சிருஷ்டிகர்த்தரின் முன்னறிவைச் சிந்தித்த ஒருவரை நம்மனோர் எளிதில் மறத்தற்கில்லை.

பகுப்பு யந்திரம்

1833-இல் கிளெமென்டுக்கும் பாபேஜுக்கும் பணத்தைப் பற்றியும் பட்டறையை இடம் மாற்றுவது பற்றியும் பூசல் மூண்டது. கிளெமென்ட் வேலையாட்களை விலக்கினார். பணி நின்றது. அதன்பின் கிளெமென்ட் அந்த யந்திரத்தைத் தொடவேயில்லை. அதுவரை அரசாங்கம் செலவிட்ட தொகை ஏறக்குறைய 17,000 பவுன். 1831-இல் நீராவி ரயில் எஞ்சின் ஒன்றின் விலை 800 பவுனுக்கும் குறைவு என்பதை நினைப்பின் இத்தொகையின் பெருமை விளங்கும்.

யந்திரம் நின்றதேயன்றி அவர் மனம் நிற்கவில்லை. 1834-இல் அதனினும் மேலான ஒன்றை அவர் கண்டார். வித்தியாச யந்திரம் ஒரே வகைக் கணக்கையே செய்யும். எவ்வகைக் கணக்காயினும், இட்ட கட்டளைப்படி செய்யும் பொது யந்திரம் ஒன்றை ஏன் ஆக்கலாகாது? இதற்குப் பகுப்பு யந்திரம் என்று பெயரிட்டார். எண்களை வைத்திருக்கும் பகுதிக்குப் பண்டசாலை என்றும், அவற்றைக் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் மாற்றும் பகுதிக்கு ஆலை என்றும் பொருள்படும் பெயர்களை வழங்கினார். 40, 50 இலக்கம் கொண்ட எண்கள் 1,000 வரை பண்டசாலையில் இருக்கத் திட்டமிட்டார். கட்டளை இடும் வழியை நெசவுத் தறியிலிருந்து பெற்றார். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த தறியில், அட்டைகளிற் குத்திய துளைகளே எந்த இழை எழும்ப வேண்டும் என்பதைத் தீர்மானித்துப் பூவேலை நெய்யும். அவ்வாறே துளை அட்டைகள் இந்த யந்திரத்தை நடத்தும். வந்த விடையைப் பார்த்து அடுத்துச் செய்யவேண்டுவது இதுவோ அதுவோ என்று தானே தெரிந்துகொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. இற்றை நாட் கணினியின் உறுப்புகளுள் இன்றியமையாதவை பலவும், மின்சாரம் ஒன்றொழிய, அன்றே அவர் வரைபடத்தில் அமைந்துவிட்டன.

1840-இல் இத்தாலிய நகரமாகிய டூரினில் இதனை விளக்கினார். கேட்டவருள் மெனபிரேயா என்னும் இளம் பொறியியலார் ஒருவர். பிற்காலத்தில் இத்தாலியின் பிரதம மந்திரியானவர். அவர் பிரெஞ்சு மொழியில் 1842-இல் எழுதிய விளக்கத்தை, பைரன் என்னும் கவிஞரின் மகளாராகிய ஏடா லவ்லேஸ் சீமாட்டி ஆங்கிலப்படுத்தினார். 17 வயதில் யந்திரத்தை முதன்முறை கண்டது தொட்டே அதன் கருத்தை நன்குணர்ந்தவர் அவ்வம்மையார். மூலத்தைப்போல் மும்மடங்கு நீண்ட குறிப்புகளையும் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். பெர்னூலி எண்களை யந்திரம் கணிக்க வேண்டிய படிகளை அக்குறிப்புகள் வரிசைப்படுத்திக் காட்டின. எண்களையன்றி, விதிக்குட்பட்ட இசை முதலியவற்றையும் இத்தகைய யந்திரம் கையாளலாகும் என்பதை அவ்வம்மையார் முன்னரே உணர்ந்திருந்தார். 1852-இல் 36-ஆம் வயதில் அவர் மறைந்தது பாபேஜுக்குப் பேரிழப்பு.

ஆதரவு நின்றது

புதிய எண்ணம் பழைய வேலைக்குப் பகையாயிற்று. முதல் யந்திரம் பாதியில் நிற்க, அதனினும் சிறந்த வேறொன்று தோன்றியிருக்கின்றது என்று பாபேஜ் அரசாங்கத்தாருக்கு அறிவித்தார். அவர் உண்மையை மறையாதுரைத்தது நேர்மையே. ஆனால் கேட்ட மந்திரிகள், செலவிட்டது வீணோ என்றும், இனிச் செலவிடுவதும் வேறொரு புதுமை தோன்றும் வரைதானோ என்றும் ஐயுற்றனர். எட்டாண்டுகள் விடையின்றிக் கழிந்தன. 1842-இல் அரசாங்க வான சாஸ்திரியாகிய ஏரியின் கருத்து வேண்டப்பட்டது. யந்திரத்தாற் பயனில்லை என்பது அவர் முடிவு. பிரதம மந்திரி ராபர்ட் பீல் ஆதரவை நிறுத்தினார். அவ்வாண்டு நவம்பர் மாதம் பாபேஜ் அவரை நேரிற் கண்டபொழுது, யந்திரத்தின் பயனை எடுத்துரைப்பதை விடுத்துத் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்புகளையே பெரிதும் முறையிட்டார். சந்திப்பு சினத்தில் முடிந்தது.

குற்றம் எவரிடத்து என்று ஆராய்வோர் பலர். தொழிலாளரைக் குறை கூறுவர் சிலர்; தொலைநோக்கற்ற அரசாங்கத்தைக் குறை கூறுவர் சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் பாபேஜினிடத்தும் ஒரு குறை இருந்தது. நன்றாக இருப்பதை முடிப்பதற்கு முன் அதனினும் நன்றானது அவர் கண்ணிற்படும். படவே, கையிலுள்ளது வெறுத்துப்போகும். 1849-க்குள் எளிமையாக்கிய இரண்டாம் வித்தியாச யந்திரத்தின் வரைபடங்களை முழுமையாக வரைந்து முடித்தார். 31 இலக்கம் வரை கணிக்கவல்ல அதற்கு ஏறக்குறைய 8,000 உறுப்புகளே வேண்டியிருந்தன. 1852-இல் அதனை அரசாங்கத்திற்கு இலவசமாக அளிக்க முன்வந்தார். முன்னர்ப் பட்டதை நினைத்த அரசாங்கம் மறுத்துவிட்டது.

இதற்கிடையே, லார்ட்னரின் கட்டுரையைப் படித்த ஷூட்ஸ் என்னும் ஸ்வீடன் நாட்டுத் தந்தையும் மகனும் வித்தியாச யந்திரம் ஒன்றைத் தாமே செய்து 1853-இல் முடித்தனர். 1855-இல் பாரிஸ் பொருட்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. தாம் முடியாததைப் பிறர் முடித்தனரே என்று பாபேஜ் சிறிதும் அழுக்காறு கொண்டிலர். அவர்களை வரவேற்றுப் பலர்க்கும் அறிமுகம் செய்து வைத்தார். பலரோடும் பிணங்கிய அவருடைய உள்ளத்தின் தூய்மையை இச்செயலால் அறியலாம்.

இறுதி நாட்கள்

பிற துறைகளிலும் அவர் கருத்துச் செலுத்தினார். கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவி ஒன்றை 1847-இல் அமைத்தார்; காட்டப்பெற்ற மருத்துவர் அதன் அருமையை உணராமையால், 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கருவிக்கே புகழ் சேர்ந்தது. கலங்கரை விளக்குகள் விட்டுவிட்டு ஒளிர்ந்து தம்மை அறிவிக்கும் முறையையும் ஆராய்ந்தார். 1864-இல் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நூலாக வெளியிட்டார். தெருவில் ஆர்கன் பெட்டி இசைப்போரால் தம் சிந்தனை கலைகின்றது என்று அவர்களோடு ஓயாது போராடினார். ஊரார் அவரை நகைத்தனர். சிறுவர் பின்தொடர்ந்து கேலி செய்தனர்.

தம் வாழ்நாளில் எஞ்சியதை விட்டுக்கொடுத்தேனும், 500 ஆண்டுகளுக்குப் பிற்பட்ட உலகில், விளக்கிக் காட்டும் அறிஞர் ஒருவருடன் மூன்று நாட்கள் வாழ்ந்து பார்க்கத் தாம் விரும்புவதாக அவர் கூறியதுண்டு என்பர். கால யந்திரக் கதைகள் பெருகுவதற்கு முன்னரே இம்முதியவர் உள்ளம் அவ்வூர்தியில் ஏறிவிட்டது. ஊர்தி வரவில்லை. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி தம் இல்லத்தில் உயிர் நீத்தார். கென்சல் கிரீன் கல்லறைக்குச் சென்ற ஊர்வலத்திற் சென்றோர் மிகச் சிலரே.

காலத்தின் தீர்ப்பு

இந்தியாவிற் படைத்தொழில் புரிந்து மேஜர் ஜெனரல் பதவி பெற்ற அவருடைய மகனார் ஹென்றி, ஓய்வு பெற்றபின் தந்தையின் பணிமனையில் எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு சிறு மாதிரிகள் சிலவற்றைப் பொருத்தினார். அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குச் சென்றது. 1930-களின் பிற்பகுதியில் ஹோவர்டு எய்க்கன் என்னும் இளைஞர் அதனைக் கண்டு ஊக்கம் பெற்றார். 1944-இல் அவருடைய பெருங்கணிப்பொறி அங்கே இயங்கத் தொடங்கிற்று. 1946-இல் எனியாக் என்னும் மின்னணுப் பொறி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இவற்றை ஆக்கியோர் பாபேஜின் வரைபடங்களைப் பின்பற்றி ஆக்கினாரல்லர். தேவை நெருக்கவே, அவர் கண்ட வழிகளைத் தாமும் புதிதாகக் கண்டனர்.

பாபேஜின் யந்திரம் அன்றே முடிந்திருப்பின் உலகம் எவ்வாறு மாறியிருக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டு கிப்ஸன், ஸ்டெர்லிங் என்னும் இருவர் 1990-இல் ஒரு நாவல் எழுதினர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே உண்மை விடை ஒன்று கிடைத்தது. லண்டன் விஞ்ஞான பொருட்காட்சிச் சாலையார் டோரன் ஸ்வேட் என்பவரின் தலைமையில், பாபேஜின் இருநூறாம் பிறந்த ஆண்டாகிய 1991-இல், இரண்டாம் வித்தியாச யந்திரத்தின் கணக்கிடும் பகுதியை அவருடைய வரைபடங்களின்படியே செய்து முடித்தனர். அவர் காலத்துத் தொழிலாளரால் இயன்ற நுட்பத்தை மீறாமலே உறுப்புகளைச் செய்தனர். கைப்பிடியைச் சுழற்றினர். பிழையின்றி எண்கள் வந்தன. பின்னர் 2002-இல் அச்சிடும் பகுதியும் சேர்ந்து முற்றுப்பெற்றது. முழு யந்திரத்தின் எடை 5 டன்.

ஆகவே, பயனில்லை என்று ஒதுக்கப்பட்டவர் கனவு கண்டவரல்லர், கணக்குத் தவறாதவர். இவ்வாறு மெய்ப்பிக்க இயன்றது எதனால்? நகைத்தவர் நடுவேயும் ஒவ்வோர் உறுப்பையும் அளவு குறித்துத் தெளிவாக வரைந்து, 142 ஆண்டு கழித்துப் பார்ப்பவரும் உணருமாறு வைத்துச் சென்றதனால் அன்றோ? அவர் வாழ்நாளில் அது முடியாமற் போனதற்கு ஒரு காரணம், கையிலிருந்ததை முடிப்பதற்கு முன் வேறொன்றை நாடியமை. இவ்விரண்டையும் நம் மாணவர் ஒருங்கே கருதுவாராக. தொடங்கியதை முடிக்கும் பொறுமை வேண்டும். முடிக்க நமக்கு நாள் போதாதாயின், பின்வருவோன் எடுத்துத் தொடரும் வகையில் நம் வேலையைத் திருத்தமாக வைத்துச் செல்லுதலும் வேண்டும்.

பாபேஜ் வேண்டிய 500 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே கழிந்துள்ளது. அவர் இன்று வருவாராயின், துளை அட்டைகளைக் காணார். ஆனால் பண்டசாலையையும் ஆலையையும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் காண்பார். அந்நாள் விருந்தினர் பாவையைச் சூழ்ந்து நின்றதுபோல் இன்றும் பலர் அதில் ஆடும் பாவைகளையே நோக்கியிருப்பதையும் காண்பார். அடுத்த அறைக்குச் சென்று யந்திரத்தின் உள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்கும் சிலருள் நம் கல்லூரி மாணவரும் இருப்பாராக.